அவர் படுத்திருந்த பொடுதலை

கொழுந்தன் குழாயைத் திறக்கப் போனபோது அவள் குறுக்கே வந்து, ரப்பர் டியூபைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. இன்னிக்குத் தண்ணி விடாதீங்க."

அவன் புல்தரை போடுகிற தொழில்காரன். இந்த வீட்டின் முன்புறத்துக்கும் புல் பதித்தது அவன்தான். தண்ணீர் விட்டும் வெட்டியும் மாளவில்லை என்று அவள் கணவர் அதை வேரோடு பெயர்த்தெறிந்து, பொடுகுக்கு அரைத்துத் தேய்க்கிற பொடுதலைச் செடியை நட்டார். தம்பிக்கு ஒரே கோபம், அவளுக்கோ சிரிப்பு. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லாத மனுஷனுக்குப் பொடுகு மருந்து எதற்கு என்று தெருவே கேட்கும்படி கேலி செய்தாள். அவர் பாட்டுக்கு நட்டுக்கொண்டே இருந்தார். தரையோடு தரையாகப் படர்ந்து பூ விட்டதும், மெத்தென்று இருக்கும், வெறுங்காலோடு நடந்து பார் என்று மட்டும் கெஞ்சினார். எனக்கு வேலை கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நேற்றுக் காலையும் அதில் குப்புறத்தான் கிடந்தார். நடுவே தலைநீட்டுகிற பழைய புல்லைப் பிடுங்க தினமும் அப்படித்தான் படுப்பார். சமையலறை ஜன்னல் வழியாகச் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. வருகிறபோது வரட்டும் என்று தட்டை மூடி வைத்தாள். புல் பிடுங்குகிறவருக்கு மூச்சு இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பார்கள்?

மாலைக்குள் சுடுகாடு வரை எல்லாம் முடிந்துவிட்டது. பொடுதலையில் மட்டும் அவர் இன்னும் கிடந்தார். தோளும் இடுப்பும் மடக்கிய ஒரு முழங்காலும் அப்படியே பள்ளமாக அமுங்கியிருந்தன. அங்கே நாற்காலி போடப் போன நாத்தனாரிடம் அவள் எரிந்து விழுந்தாள். ஏனென்று யாருக்கும் புரியவில்லை.

இப்போது வெயில் கொளுத்தியது. இலைகள் சுருள ஆரம்பித்திருந்தன.

"விடலைன்னா கருகிடும் அண்ணி."

"விட்டா செடி நிமிர்ந்துடும். அப்புறம் அவர் படுத்த இடம் எங்கன்னு தெரியாது."

அவன் அப்போதுதான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். பார்த்தவன் அங்கேயே குந்திவிட்டான். புல்லைப் பெயர்த்த நாளிலிருந்து அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசாதவன் அவன்.

ஓரத்து இலை ஒன்றை அவள் கிள்ளிப் பார்த்தாள். அது விரலிலேயே நொறுங்கியது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பொடுதலையில் கால் வைத்தாள். மெத்தென்று இருந்தது. பாவி மனுஷன் பொய் சொல்லவில்லை.

"திறங்க தம்பி. மெதுவா."

டியூபை அவளே வாங்கிக்கொண்டாள். கால் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். தலை இருந்த இடத்துக்கு வந்துசேர அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.