அமாவாசைக்கு ஓடாத மோட்டார்

என் மனைவி ஜெனிபர் அந்த வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னபோது, வெளியே காட்டிக்கொள்ளாமல் சந்தோஷப்பட்டேன். பழனிசெட்டிபட்டியில் எங்களுக்கு மோட்டார் கடை. முன்னால் கல்லாவில் நான், பின்னறையில் அவள். சோலார் மோட்டாருக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. வெயில் ஏறினால் மோட்டாரை ஓட்டும், மேகம் மறைத்தால் வேகத்தைக் குறைக்கும், தொட்டி நிறைந்தால் நிறுத்தும். அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராம் அவள் எழுதியது. வேறு யாராக இருந்தாலும் விற்றிருப்பார்கள். இவள் இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று எழுதியும் வைத்துவிட்டாள்.

எடுத்துக்கொண்டார்கள். கென்யா, ஜாம்பியா, மலாவி என்று ஆப்பிரிக்காவில் எங்கெங்கேயோ டீசல் இன்ஜினை ஓரங்கட்டிவிட்டு வெயிலில் தண்ணீர் இறைக்கிறார்கள். நல்ல காரியம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் வந்தாலும் இவளிடம்தான் வந்தார்கள். வேறு பம்பு மாட்டினேன், அதிர்கிறது. சென்சாரை மாற்றினேன், ஓடவில்லை. சிலர் ஒரு வணக்கம்கூட இல்லாமல் அதட்டினார்கள். ஓசியில் வாங்கியவர்களுக்குத்தான் அதட்டல் அதிகம் என்பது என் கடை அனுபவம்.

இவள் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். கழுத்துவலி வந்தது. சாப்பிடும்போதே கண் சொருகியது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். பாஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பார்.

"முடியலங்க" என்றாள் ஒரு நாள். "இனிமே இதைப் பாத்துக்க ஆளில்லைன்னு ஒரு வரி எழுதிப் போட்டுர்றேன்."

நான் அப்போதே எழுதச் சொன்னேன். அதற்குள் மலாவியிலிருந்து எலுபி என்கிற பெண்ணின் புகார் வந்து சேர்ந்தது.

எலுபியும் அவள் ஊர்ப் பெண்களும் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடமாக நம் புரோகிராம்தான். நன்றாக ஓடுகிற பம்பு மாதத்தில் ஒரு நாள் மட்டும் ஓடாது. சுள்ளென்று வெயில் அடிக்கும், அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். மறுநாள் காலையில் யாரும் தொடாமலே ஓடும். பேனலைத் துடைத்துப் பார்த்தார்கள், வயரை மாற்றிப் பார்த்தார்கள், ஜெபம் செய்தும் பார்த்தார்கள். போன கோடையில் அந்த ஒரு நாளில் தக்காளி நாற்று முழுக்கக் கருகிவிட்டது. இந்தக் கோடைக்கு முன்னால் வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். மரியாதையாகக் கேட்டிருந்தாள், அதுதான் வினை. ஜெனிபரால் தட்ட முடியவில்லை.

புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. முகம் கறுத்துப்போய் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், மார்க்கையன்கோட்டை சுருளியண்ணன் ஒரு வால்வு வாங்க வந்தார். இவ்வளவு வெயிலில் வரணுமா, நாளைக்கு வரக்கூடாதா என்று கேட்டேன்.

"நாளைக்கு அமாவாசைல்ல. மோட்டாரு ஓடாது. நான் இன்னைக்கே மாட்டணும்" என்றார்.

ஜெனிபர் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அவள் செய்த முதல் பெட்டி சுருளியண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனது. அமாவாசையன்று ஏர் பூட்டாத குடும்பம் அவருடையது. மாடு போய் மோட்டார் வந்தபிறகும் அந்த முறையை விடவில்லை. அன்றைக்கு மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஓய்வு கொடுப்பார். சோலார் பெட்டியோ வெயிலைக் கண்டதும் தானாகவே ஓட்டிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காளைக்கு உண்டு, இதுக்கு மட்டும் கிடையாதா ஆத்தா என்று ஜெனிபரிடம் நியாயம் கேட்டார். அவளும் அமாவாசைக் கணக்கைப் புரோகிராமில் எழுதி, அன்றைக்கு மட்டும் மோட்டார் தூங்குகிற மாதிரி செய்துகொடுத்தாள். சர்ச்சுக்குப் போகிறவள் பஞ்சாங்கம் எழுதுகிறாளே என்று நான் ஒரு வாரம் கேலி செய்தேன். பிறகு எங்கள் பள்ளத்தாக்கு ஊர்களில் வாங்கினவர்கள் எல்லோருமே அப்படித்தான் வேண்டும் என்றார்கள். அதனால் அது எங்களுக்கு ஒரு விசேஷமாகவே தெரியாமல் போனது. உலகத்துக்குக் கொடுத்தபோது அந்தக் கணக்கும் கூடவே போய்விட்டது. மலாவியில் பம்பு அமாவாசை பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. கருகின நாற்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அந்தக் கணக்கை எடுத்துவிட்டு, நடந்ததை மறைக்காமல் எழுதி, மன்னிப்பும் கேட்டு அனுப்பினாள். இதுதான் கடைசி என்றாள். எலுபியிடமிருந்து சரியாகிவிட்டது என்று வந்ததும் அந்த ஒரு வரியைப் போட்டுவிடுவதாக ஏற்பாடு.

பதில் அடுத்த மாதம் வந்தது. ஜெனிபர் அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பம்பு இப்போது ஒரு நாளும் நிற்பதில்லையாம், நன்றியாம். ஆனால் பெண்கள் கூடிப் பேசினார்களாம். பம்பு ஓடாத அந்த நாளில் தோட்டத்தில் வேலை கிடையாது. அன்றைக்குத்தான் தலை பின்னிக்கொள்வார்கள், அம்மா வீட்டுக்குப் போவார்கள், படுத்துத் தூங்குவார்கள். இப்போது தண்ணீர்தான் வருகிறதே, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். அதனால் அந்த நாளைத் திரும்பக் கொடுக்க முடியுமா? எந்த நாள் என்று இப்போது தெரிந்துவிட்டதால், முந்தின நாளே தொட்டியை நிரப்பி நாற்றைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

கடைசியில் இருந்ததை ஜெனிபர் இரண்டு தடவை வாசித்தாள்.

"சுவிட்ச் வைக்காதீங்க, பெட்டி தானா நிக்கணும். சுவிட்ச் இருந்தா எங்களையே போடச் சொல்லிருவாகன்னு எழுதியிருக்கா" என்றாள். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. மலாவிக்காரர்கள் என் பெண்டாட்டியின் தூக்கத்தைத் தின்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் தோசை கேட்டது மலாவிக்காரன் இல்லை. கடையில் ரிப்பேருக்கு வந்த பெட்டிகளை அவள் மேஜைமேல் அடுக்கியதும் அவனில்லை. அவளை எழுதவிடாமல், டீ ஆறிவிட்டது, வேறு போடு என்று கூப்பிட்டவனும் நான்தான். வெட்கமாக இருந்தது.

அவள் அமாவாசையைத் திரும்ப எழுதி அனுப்பினாள். வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளலாம், வைத்துவிட்டால் அன்றைக்குத் தோட்டத்தில் யாராலும் பம்பை ஓட்ட முடியாது. ஆளில்லை என்று போடுவதாக இருந்த அந்த ஒரு வரியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை.

அடுத்த அமாவாசையன்று உச்சிவெயில் நேரம். கடமலைக்குண்டிலிருந்து அருண்பாண்டி என்பவர் பழுதான பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருப்பார்போல, சட்டையெல்லாம் வேர்வை. பெட்டியை வாங்கிக்கொண்டு பழக்கதோஷத்தில் பின்னறைக்குப் போனேன். ஜெனிபர் வெறுந்தரையில் சேலைத் தலைப்பைத் தலைக்குக் கொடுத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து அணைத்துவிட்டு, பெட்டியோடு திரும்பி வந்தேன்.

"இன்னைக்கு அமாவாசைங்க. வேலை கிடையாது. பெட்டி இங்கனயே இருக்கட்டும், நாளைக்கு வாங்க" என்றேன்.

அவர் என் தலைக்கு மேலே மாட்டியிருந்த பைபிள் வசன காலண்டரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நீங்க வேதக்காரவுகதான?"

ஆமாம் என்றேன். அவர் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, டீ வாங்க நானே பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.