நீலக்கொடி பிடித்தவர்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருப்பவளுக்கு நாற்றம் ஒன்றும் புதிதல்ல. ரத்தம், சீழ், வாந்தி என்று மூட்டை மூட்டையாக என் மேசையைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். பக்கத்து அறையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவேன். ஆனால் கோ-கார்ட் சங்கத்தில் முதல் நாள் என் கையில் கொடுத்த ஹெல்மெட்டை முகர்ந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவரின் சிகரெட், இன்னொருவரின் வெங்காய ஏப்பம், எல்லாருடைய தலை வியர்வை. உள்ளே இருந்த பஞ்சு ஈரமாக வேறு இருந்தது.

நான் அங்கே வண்டி ஓட்டப் போகவில்லை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் இன்ஜினியர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே எழுந்து கார்ட் ஓட்டக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்து, பெட்ரோலும் வியர்வையும் ஊறிய அந்த முழுநீள உடையைக் குளியலறை வாசலில் பாம்புச் சட்டை மாதிரி உரித்துப் போடுவார். ஆறு நாளும் ஊரார் அழுக்கு, ஏழாவது நாள் இவர் அழுக்கு. ஒரு ஞாயிறு கையுறையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். கொடுத்துவிட்டு வரலாம், அப்படியே அந்தக் கண்றாவி என்னதான் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டும் வரலாம் என்று போனேன்.

பார்த்தேன். பழைய கிடங்குகளுக்குப் பின்னால் வளைந்து வளைந்து போகும் ஒரு தார்ப்பாதை. ஓரமெல்லாம் அடுக்கிய டயர்கள். தொந்தியும் வழுக்கையுமாக வளர்ந்த ஆண்கள், குழந்தைகளின் குளியல் தொட்டி அளவுள்ள வண்டிகளுக்குள் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முட்டி காதைத் தொட்டது. இறங்கியதும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு, எச்சிலைக் கண்ட இடத்தில் துப்பிக்கொண்டு, என்னவோ போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் மாதிரி பேச்சு. தலையில் அடித்துக்கொண்டேன்.

அங்கே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் உண்டு. வாயில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் அவர் பெயரே விசில்தான். போட்டி நாளில் நடுவரும் அவர்தான். அவர் என் முகச்சுளிப்பைப் பார்த்துவிட்டார்.

"என்ன மேடம், புடிக்கலையா?"

"இதுல புடிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"உக்காந்து பாத்துட்டுத் திட்டுங்களேன். காலி வண்டி ஒண்ணு இருக்கு."

இப்படித்தான் அந்த நாறும் ஹெல்மெட் என் கைக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். இடது காலுக்குப் பிரேக், வலது காலுக்கு ஆக்ஸிலேட்டர், இரண்டையும் சேர்த்து மிதிக்கக் கூடாது, வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடு, முன்னால் போகிறவன் முதுகைப் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார். அவ்வளவுதான் பாடம். முதல் வளைவில் வண்டி பம்பரமாய்ச் சுற்றி டயர் அடுக்கில் போய் முட்டியது. இரண்டாவது சுற்றிலும் அதே இடம், அதே டயர். வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, பாதையின் ஒவ்வொரு கல்லும் என் விலா எலும்பில் வந்து பேசியது. முழங்கைக்குப் பக்கத்தில் இன்ஜின் கொதித்தது. கண்ணில் எரிச்சல், வாயில் ரப்பர் கசப்பு. மூன்றாவது சுற்றில் அதே வளைவில் வண்டி வழுக்கி, வழுக்கியபடியே நேராகி, நான் நினைத்த இடத்துக்குப் போனது.  வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிறு சொந்த ஹெல்மெட்டோடு போனேன். அதற்கடுத்த ஞாயிறும். நான் வேகமெல்லாம் இல்லை. எட்டுப் பேர் ஓட்டினால் நாலாவதோ ஐந்தாவதோ வருவேன். ஆனால் வாரம் முழுக்க, இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில், அந்த வளைவைக் காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வீட்டுக்காரருக்கு முதலில் பெருமை. "என் வொய்ஃபும் ஓட்டுறா" என்று எல்லாரிடமும் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். பிறகு பல் மெதுவாக உள்ளே போனது. காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் போனாலே அவருடைய கூட்டாளிகள், "அண்ணி வந்துட்டாங்க, அடக்கி வாசிங்கடா" என்று பாதிக் கதையை விழுங்கிவிடுவார்கள். ஹெல்மெட்டுக்குள் மாட்டும் சங்கத்துத் துணித் தலையுறைகளை எல்லாம் ஒரு நாள் அள்ளிக்கொண்டு போய் வெந்நீரில் போட்டு வெளுத்துக் கொண்டுவந்தேன். துப்புகிறவரைப் பார்த்து, "வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

புதியவர் கோப்பைப் போட்டி வந்தது. விசில் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கொடிகளை மறுபடி காட்டினார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, மெதுவாகப் போ. கறுப்பு என்றால் வெளியே வா. நீலம் என்றால், உன்னை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டவர் பின்னால் வருகிறார், ஒதுங்கி வழி விடு.

"கொடி காட்டுனா வாதாடக் கூடாது. ஓட்டுற உங்களுக்கு யாரு எங்க இருக்காங்கன்னு தெரியாது. கொடி புடிக்கிறவருக்குத் தெரியும். அவர நம்பணும்."

சங்கத்தின் விதி ஒன்றையும் சொன்னார். இந்தக் கோப்பையை வென்றவர் மறுபடியும் புதியவர்களோடு ஓட்ட முடியாது. மேல் வகுப்புக்குப் போய்விட வேண்டும். அங்கே சங்கத்து வண்டி கிடையாது, சொந்த வண்டி வேண்டும். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நான் ஜெயிப்பேன் என்று எந்த மடையன் நினைப்பான்?

புதியவர்கள் ஓட்டும்போது மேல் வகுப்புக்காரர்கள் கொடி பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பாதையின் கோடியில் கொண்டை ஊசி போல ஒரு வளைவு. டயர் அடுக்கு மறைப்பதால் விசில் நிற்கிற இடத்திலிருந்து அது தெரியாது. என் வீட்டுக்காரர் தானே வலியப் போய் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்னைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாராம்!

ஐந்தாவதாகக் கிளம்பினேன். அன்றைக்கு எல்லாம் கைகூடி வந்தது. கொண்டை ஊசி வளைவுக்குப் போகும்போதெல்லாம் முன்னால் போகிறவர் வெளிப்பக்கம் ஒதுங்குவார், நான் உள்பக்கம் புகுந்துவிடுவேன். முதலில் ஒரு பல் டாக்டர், பிறகு ஒரு கல்லூரிப் பெண், பிறகு இன்னொருவர். வலதுபக்கம் ஏதோ நீலமாக அசைந்தது கண்ணில் பட்டது, யாருக்கோ என்று விட்டுவிட்டேன். பார்க்க வேண்டியது வளைவு முடிகிற இடம், அதைத்தான் பார்த்தேன். கடைசியாக மிஞ்சியவர் ஒரு பேக்கரிக்காரர். எல்லாரிலும் கெட்டிக்காரர், நான் ஒரு நாளும் அவரைப் பிடித்ததே இல்லை. அவரும் ஒதுங்கினார். பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம் போட்ட கொடி எனக்குத்தான் முதலில் விழுந்தது. ஹெல்மெட்டுக்குள் ஓவென்று கத்தினேன். எனக்குத்தான் காது வலித்தது.

கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். அவர் கன்னத்து வியர்வை என் மூக்கில் ஒட்டியது, அன்றைக்கு அதைக்கூடத் துடைக்கவில்லை. அப்போதுதான் விதி ஞாபகம் வந்தது.

"ஏங்க, இனிமே நான் எதுல ஓட்டுறது? உங்க வண்டிய ஆளுக்கு ஒரு வாரம் வெச்சுக்கலாமா?"

"அது என் எடைக்கு செட் பண்ணது. உனக்கு சரிப்படாது." பதில் தயாராக வைத்திருந்தது போல வந்தது. "கப்போட நிறுத்திக்கோயேன். பேரோட இருக்கும்போதே விலகிடறதுதான் அழகு."

என்ன அழகோ. எனக்குள் சுருக்கென்றது. அதற்குள் பேக்கரிக்காரர் வந்து கை குலுக்கினார். மனிதர் முகத்தில் பொறாமை இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"சூப்பர் அக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் ஒரு ரவுண்டு பின்னாடியா இருந்தேன்? நான்தான் முன்னாடி போறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"ஏன், என்னாச்சு?"

"நீலக்கொடி காட்டுனாங்களே. காட்டுனா வாதாடக் கூடாதுன்னு விசில் சொன்னாரு. அதான் ஒதுங்கிட்டேன்."

பல் டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவருக்கும் காட்டியிருந்தது. கல்லூரிப் பெண்ணுக்கும் அப்படியே. அத்தனை பேரும் கொடியை நம்பி, கைகட்டாத குறையாக எனக்கு வழிவிட்டிருக்கிறார்கள். நான்தான் ஏதோ சாதித்துவிட்டேன் என்று கத்தியிருக்கிறேன். என் கூச்சலே என் காதில் திரும்ப விழுந்தது. உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்காரர் உடை மாற்றும் அறையில் இருந்தார். சுவரில் வரிசையாக எல்லாருடைய உடைகளும் தொங்கின. அந்தப் புழுக்கமும் நாற்றமும் முகத்தில் அடித்தன. கதவைச் சாத்தினேன்.

"எனக்காக எத்தன பேருக்குக் கொடி காட்டுனீங்க?"

பார்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு பல்லிளித்தார்.

"நீ சந்தோஷப்படணும்னுதான். தப்பா?"

"தப்பில்ல? அந்தப் பேக்கரிக்காரர் ஜெயிச்ச கப்புங்க இது."

"அட, புதுசா ஓட்டுறவங்க வெளையாட்டு. இதுல போய்."

"கப்ப ஜெயிச்சா நான் இனிமே ஓட்ட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

ஒரு காலில் மட்டும் காலுறை. அடுத்த காலுறையைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்." குரல் இறங்கிவிட்டது. "ஒரு தடவ ஜெயிச்சுட்டா ஆச தீந்துடும், அப்புறம் வரமாட்டேன்னு நெனச்சேன். எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு நாள்தான். அன்னைக்கும் நீ வந்து நின்னா நான் எங்கதான் போறது?"

அவர் நடித்துச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். மனதிலிருந்து சொன்னார். அதனால் கத்தவும் முடியவில்லை. ஆறு நாளும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குள் படுத்து, அவர் கழற்றிப் போட்டதை எல்லாம் துவைத்துப் போட்டவளைத் துரத்துவதற்கு ஒரு கோப்பையைக் கையில் கொடுத்துக் கட்டியும் பிடித்துக்கொண்டிருக்கிறார். வராதே என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது. அந்தக் கன்னத்து வியர்வை இன்னும் என் மூக்கில் இருப்பது போலிருந்தது. புறங்கையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன்.

வெளியே வந்து நேராக விசிலிடம் போனேன். கணினித் திரையில் ஒவ்வொருவரும் கோட்டைக் கடந்த கணக்கு இருந்தது. பார்த்தார். யாரும் யாரையும் முழுச் சுற்று முந்தவில்லை, நீலக்கொடிக்கு அன்றைக்கு வேலையே இல்லை. விசிலின் வாயிலிருந்து விசில் நழுவி மார்பில் விழுந்தது.

"யாரு மேடம் அந்த மூலையில?"

"என் வீட்டுக்காரர்."

எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். கோப்பையைப் பேக்கரிக்காரரிடம் நீட்டினேன். மேல் வகுப்புக்கு அவரிடம் வண்டி இருக்கிறதா என்று விசில் கேட்டார். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் பழைய வண்டி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாராம், மனைவிக்கு இன்னும் தெரியாதாம். இவர் பங்குக்கு இவர். எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றவில்லை.

என்னை என்ன செய்வது என்று விசில் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். நான் கொடியைப் பிடிக்கவில்லை, வழியைக் கேட்கவுமில்லை. அன்றைய போட்டியில் எனக்கு இடம் எதுவும் இல்லை, ஆனால் புதியவர் வகுப்பில் தொடரலாம் என்றார். கொடியை வைத்து ஏமாற்றுவது அங்கே மன்னிக்கிற குற்றமில்லை. வீட்டுக்காரர் இந்தப் போட்டிப் பருவம் முடியும்வரை டிராக் பக்கமே வரக் கூடாது என்று முடிவானது.

காரில் திரும்பினோம். பின் இருக்கையில் அவர் பை கிடந்தது, நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். பாதித் தூரம் வந்ததும், "ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட" என்றார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பெருந்தன்மையாக ஒரு பெருமூச்சு விட்டார். என்னை மன்னித்துவிட்டார் என்று புரிந்தது.

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்லயே இருப்போம்."

"நீங்க இருங்க" என்றேன்.