வாளியின் மேல் கம்பளி

ஐவிண்ட் குனிந்து, வாளியின் கழுத்தில் சுற்றியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

“தொடாதடா,” என்றாள் அவன் அம்மா ரக்னில்ட்.

“தொட்டா என்ன? பனியில கொட்டப்போறேன்.”

நிலவறையில் முளைகட்டிய பார்லியின் வாசனை கனத்துக் கிடந்தது. ஐவிண்டின் அப்பா ஸ்வெர்ரெ கிறிஸ்துமஸுக்கென்று காய்ச்சிய பியர். நேற்றுக் காலை வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இனி இது அவருடைய சாவுக்கான பியர். புதைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த வீட்டில் காய்ச்சியதைத்தான் ஊற்ற வேண்டும். கடையில் வாங்கி ஊற்றிய வீட்டை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது.

“இது அப்பா போட்ட முடிச்சில்ல. அவரு டிராக்டருக்குக் கட்டுற மாதிரி இறுக்குவாரு. இது பூ முடிச்சு. உன்னோடது.”

அவள் வாளியின் மேலிருந்த கம்பளியின் ஓரத்தை நேராக்கினாள்.

“அவரு தரையில கிடந்தாரு. நீ வாளிக்குப் போத்திவிட்டுக்கிட்டு இருந்தே. பொறந்தநாள் பரிசு மாதிரி என்ன அழகா கட்டியிருக்கே! அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு போன். அப்படித்தானே?”

“ஆமா.”

அவள் மறுப்பாள் என்றுதான் எதிர்பார்த்திருந்தான் போலும். 

நேற்றுச் சுவரில் சரிந்து உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் ஸ்வெர்ரெ திட்டத்தான் செய்தார். “என்னையே பாத்துக்கிட்டு நிக்காதே. முதல்ல அதை மூடு. ஏதாவது விழுந்தா எல்லாம் புளிச்சுப்போகும்.” அவள் மூடியை எடுத்து வைத்தாள். அழுத்தவில்லை, அழுத்தினால் நுரைக்குப் போக வழியிருக்காது. மேலே கம்பளியைப் போர்த்தினாள். ஓரம் கோணலாக இருந்தது. அவிழ்த்து மறுபடி மடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் மடித்ததையெல்லாம் பின்னாலேயே வந்து பிரித்துத் திருத்தியவர். இந்தத் தடவை குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று நினைத்தாள். நிதானமாகக் கயிற்றைச் சுற்றினாள்.

திரும்பியபோது அவர் கண் திறந்தபடி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். குறை எதுவும் சொல்லவில்லை.

‘அப்பாதான் மூடச் சொன்னார்’ என்று இவனிடம் சொல்லலாம். சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும்.

படியில் காலடி கேட்டது. ஸ்வெர்ரெயின் தங்கை போர்கில்ட்.

“கொட்டப்போறியா? தாராளமா கொட்டு. அப்புறம் கடையில டின் வாங்கி ஊரு வாயில ஊத்து. எங்கண்ணன் பெட்டியை விட்டு எழுந்து வந்து உன் காதைத் திருகுவான்.”

“அத்தை, உங்களுக்குத் தெரியாது. இவ என்ன பண்ணினான்னா...”

“எல்லாம் கேட்டுச்சு. படியிலதான் நின்னேன்.” அவள் ரக்னில்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. “நீங்களும் ஒண்ணும் நல்லவங்க இல்ல, அண்ணி. ஆனா பியர் என்ன தப்பு பண்ணுச்சு?”

ஐவிண்ட் கயிற்றை விட்டான். “ஊத்துங்க. ஊர் பூரா கூப்பிட்டு ஊத்துங்க. எனக்கு வேணாம்.”

அடக்கத்தன்று கூடத்தில் ஈரக் கோட்டுகளின் நாற்றம். ரக்னில்ட் ஜாடியை ஏந்தி வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள்.

“கடைசி வரைக்கும் கை தவறலையே அவனுக்கு,” என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர், மீசையைத் துடைத்தபடி. “எனக்கு இன்னொண்ணு ஊத்தும்மா. அவன் உயிரோட இருந்தப்ப ரெண்டாவது கேட்டா முறைப்பான்.”

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த நாற்காலியில் ஐவிண்ட்.

அவன் நிமிரவில்லை. கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடியிருந்தான். பக்கத்துப் பண்ணைக்காரர் அந்தக் கையையும் அவள் முகத்தையும் பார்த்தார். பிறகு தன் கோப்பைக்குள் பார்த்தார்.

ரக்னில்ட் நகரவில்லை. ஜாடியின் மூக்கிலிருந்து கொஞ்சம் நுரை வழிந்து அவன் விரல்களின்மேல் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.