ஒரே நாளில் பதிமூன்று வம்சம்

சீனாவின் சியான் நகரத்தில் கிணறு தோண்டியவர்களில் பாதிப் பேருக்குத் தண்ணீர் கிடைத்ததில்லை. கிடைத்ததெல்லாம் அரசர்கள். டாங் கெங்வு தன் வீட்டுக் கொல்லையில், குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் புதைத்துவைக்க ஒரு குழி வெட்டினார். ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹான் வம்சத்து அதிகாரி ஒருவர் கல்லறையோடு தட்டுப்பட்டார். தொல்லியல்காரர்கள் வந்து அதிகாரியை மரியாதையாக அழைத்துப்போனார்கள். முட்டைக்கோஸ்தான் அந்த வருஷம் போக்கிடமில்லாமல் வாடியது.

இந்த ஊரில் பிறந்து, ஆயுசெல்லாம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டாங்குக்குச் சம்பந்தியாக வாய்த்தவர் லோயாங்காரர். பதிமூன்று வம்சங்களின் தலைநகரம் என்று சியான் மார்தட்டும். லோயாங்கும் அதே பதிமூன்றைச் சொல்லித்தான் மார்தட்டும். இரண்டு ஊர்ச் சின்னஞ்சிறிசுகளும் ஒருவரையொருவர் காதலித்துத் தொலைத்ததால் பெரியவர்கள் தொலைபேசியில் மோதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மோதல் கல்யாண விருந்தைப் பற்றி. டாங்குக்கு ஒரே பெண். விருந்து சியானில்தான் என்று பேருந்துப் பணிமனை முழுவதையும் அவர் ஏற்கெனவே அழைத்துவிட்டார். சம்பந்தி மூ பின்ஷெங்கோ பிடிகொடுக்கவில்லை.

"ஒரு நாள் வர்றேன் சம்பந்தி. உங்க ஊரைச் சுத்திக் காட்டுங்க. பொழுது சாயறதுக்குள்ள என் வாயிலேர்ந்து ஒரே ஒரு 'அடேயப்பா' வந்துட்டா விருந்து உங்க ஊர்ல. வரலேன்னா எங்க ஊர்ல."

"ஒண்ணு போதுமா சம்பந்தி? சாயங்காலம் நீங்க 'அடேயப்பா'வைத் தவிர வேற பேச்சு மறந்து போயிடுவீங்க!"

போனை வைத்ததும் டாங் சாப்பாட்டு மேஜையைத் திட்ட அறையாக்கினார். தேநீர்க் கோப்பை கோட்டை மதில். உப்பு டப்பா காட்டு வாத்துக் கோபுரம். மண்ணுக்குள் நிற்கும் சின் பேரரசரின் சுடுமண் படைக்கு ஒரு கிண்ணம் வேர்க்கடலை. ஹான் பேரரசர்களுக்குப் பூண்டு, தாங் பேரரசர்களுக்கு மிளகாய். தன் சமையலறை சாம்ராஜ்யமாவதை அவர் மனைவி பெய்லிங் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு ராஜாவுக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்."

"சின் பேரரசர் நாட்டையே ஒண்ணாக்கினவரு. அவருக்கும் ஒரு டம்ளர்தானா?"

டாங் யோசித்தார். "சரி, அவருக்கு ஒண்ணேகால்."

"காலையில சாப்பாடு?"

"கடையில. வெறும் வயித்தோட அத்தனை சரித்திரத்தைப் பார்த்தா அந்த ஆளு மயக்கம் போட்டுடுவாரு. மயங்கி விழுந்தவர் வாயில 'அடேயப்பா' எப்படி வரும்?"

எல்லாவற்றையும் யோசித்த டாங், தன் ஊர்க்காரர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

விடிகாலை ரயிலில் மூ வந்தார். மனைவியோடு டாங் கொண்டுவந்திருந்த வேன் கோட்டை மதிலோரமாகப் போனது. "எங்க ஊர்லயும் சுவர் உண்டு" என்றார் மூ. வேன் நேராக லானின் கறிச்சாற்றுக் கடைக்குப் போய் நின்றது.

அந்தக் கடையில் ஆளுக்கொரு காலிக் கிண்ணமும் கெட்டி ரொட்டியும்தான் முதலில் வரும். ரொட்டியைக் கையாலேயே தேனீத் தலை அளவுக்குக் கிள்ளிப்போட்டுக் கிண்ணத்தை உள்ளே அனுப்ப வேண்டும். லானுக்குத் திருப்தியானால்தான் ஆட்டுக்கறிச் சாறு ஊற்றிச் சமைத்துத் தருவார். மூ நாலு துண்டாகப் பிய்த்து அனுப்பினார். கிண்ணம் போன வேகத்தில் திரும்பி வந்தது, பின்னாலேயே லானின் தலையும்.

"ஐயா வெளியூரா? பரவாயில்ல, பசங்களுக்கும் பல்லு போனவங்களுக்கும் மெஷின்ல வெட்டிக் கொடுப்போம். போட்டுடவா?"

கடையே சிரித்தது. மூவின் காது சிவந்தது. "இன்னொரு ரொட்டி கொண்டா" என்று சட்டைக் கையை மடித்தார்.

அவர் கிள்ளத் தொடங்கினார். டாங் எட்டிப் பார்த்தார். துண்டுகள் தன்னுடையவற்றைவிடச் சிறிதாக இருந்தன. சியான்காரன் கிண்ணம் லோயாங்காரன் கிண்ணத்தைவிடக் கரடுமுரடாக உள்ளே போவதா? டாங் தன்னுடையதை மறுபடி கிள்ளினார். அதைப் பார்த்து மூ மறுபடி கிள்ளினார்.

வெயில் ஏறியது. பெய்லிங் தன் கிண்ணத்தைச் சாப்பிட்டு முடித்து, ஊறவைத்த இனிப்புப் பூண்டையும் தீர்த்துவிட்டு, "ஏங்க, சின் பேரரசர் காத்துக்கிட்டிருக்காரு" என்றார்.

"மண்ணுக்குள்ள இத்தனை காலம் காத்திருந்தவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் தெரியாது" என்றார் டாங், தலை நிமிராமல்.

மத்தியானத்துக்கு முன்பே ஹான் வம்சம் கைவிட்டுப் போனது. மத்தியானத்துக்கு மேல் தாங் வம்சமும் கவிழ்ந்தது. கடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். ஓடவிட்டால் ரொட்டி பறந்துவிடும். ஒரு ஈ மூவின் கிண்ணத்தில் இறங்கி, துண்டு கண்ணுக்கு அகப்படாமல் பசியோடு எழுந்து போனது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிட்டதில் லானுக்கு மட்டும் நல்ல வரும்படி.

மேற்கு ஜன்னலில் சிவப்பு விழுந்தபோது இரண்டு கிண்ணங்களும் உள்ளே போயின. டாங்குக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கல்லறையைக்கூடக் காட்டவில்லை, பொழுது சாய்ந்துவிட்டது, விருந்து போச்சு. பணிமனையில் எந்த முகத்தோடு நுழைவது?

சாறு கமகமவென்று வந்தது. இரண்டு கிண்ணத்தையும் லானே தூக்கிவந்து, மூவுடையதை முதலில் வைத்தார்.

"ஐயா, காலையில தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. நீங்க வெளியூர் இல்ல." பிறகு டாங்கைப் பார்த்தார். "இவர் எந்த ஊருங்க?"

மூ ஒரு வாய் குடித்தார். 'அடேயப்பா' வரவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"இந்தா பாரு, விருந்து சியான்லதான். பேசாத! லோயாங் ஆளுங்களுக்கு ரொட்டி கிள்ளத் தெரியாது, நம்ம ஊர் மானம் போயிடும். எந்த ஊரா? நம்ம ஊருதான், சியான்! மண்ணுக்குள்ள எட்டாயிரம் சிப்பாய் நிக்கிறானுங்க, ஒருத்தன் மூஞ்சி மாதிரி இன்னொருத்தனுக்கு இல்ல. எல்லாம் நம்மாளுங்க!"

அவர் போனை வைத்ததும் பெய்லிங் கேட்டார்: "பார்க்காமலேயே இப்படிச் சொல்றீங்களே, அண்ணா?"

"உள்ளூர்க்காரன் எவன்மா டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிறான்?"

அந்தச் சிப்பாய்களின் வாசலில் ஊர் உலகத்தையெல்லாம் பேருந்தில் கொண்டுபோய் இறக்கியவர் டாங். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, சாறு ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லி உள்ளூர்க்காரரை உபசரித்தார்.