தையல்காரர் நம்பாத தையல்

அடுத்தவர் போட்ட தையலை நம்பவே மாட்டார் நம் தையல்காரர். பேச வந்தவனின் சட்டையைக்கூட அக்குள் பக்கம் புரட்டி, நூலை நகத்தால் நெருடி, உதட்டைப் பிதுக்குவார். "பேருக்குத் தச்சிருக்கான். ஒரு தும்மலுக்குத் தாங்காது" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதரின் வயிற்றைத் திறந்து, பித்தப்பையை எடுத்துவிட்டு, யாரோ ஒரு டாக்டரம்மா தைத்து வைத்தால் சும்மா இருப்பாரா?

மயக்கம் தெளிந்ததும் வலியைப் பற்றி அவர் கேட்கவில்லை. "தைக்க எவ்வளவு நேரமாச்சு?" என்றுதான் நர்ஸிடம் கேட்டார்.

"அதெல்லாம் மடமடன்னு முடிஞ்சிருச்சு. எங்க டாக்டரம்மாவுக்கு வேகமான கை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள் அவள்.

போச்சு! அவசரத் தையல்! அந்த நிமிஷத்திலிருந்து மனிதர் மூச்சைக் கிள்ளிக் கிள்ளி விட ஆரம்பித்தார். வயிறு உப்பினால்தானே தையல் இழுபடும்? இருமல் வந்தால் அப்படியே விழுங்கினார். மூச்சிழுத்துப் பழகச் சொல்லி நர்ஸ் கொடுத்த பந்துக் கருவியைத் தலைமாட்டில் ஒளித்து வைத்து, "இழுத்தாச்சு, இழுத்தாச்சு" என்று கூசாமல் புளுகினார். வாயைத் திறந்தாலே ஊரைச் சிரிக்க வைக்கும் மச்சினனை அறைக்குள்ளேயே விடவில்லை.

"ஏங்க இப்படிக் கட்டையாட்டம் கிடக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

இரண்டு நாளில் காய்ச்சல் கண்டது. படுத்திருக்கும்போதே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒரு சின்ன டாக்டர் வந்து படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அட்டெலெக்டாசிஸ்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். படுத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

பக்கத்தில் நின்ற மனைவி அந்தப் பேரை மனசுக்குள் பிடித்துக்கொண்டாள். அறைக்குள் விடாததால் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்த தம்பியிடம் ஓடினாள். அவன் போனில் தேடிப் பார்த்தான். "நுரையீரல் சமாச்சாரம்க்கா. சுருங்கிப் போயிடுமாம்" என்றான். போனை அவளிடமே நீட்டினான்.

தையல்காரரின் அப்பா நுரையீரல் கெட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியதை மகன் மறக்கவில்லை. மனைவி வந்து சொன்னதும் அவருக்கு அந்த நாற்காலிதான் கண்ணுக்குள் வந்தது.

"மெஷினை வித்துடாத" என்றார் மெல்ல. "வாடகைக்கு விடு. மாசாமாசம் ஏதாவது வரும்."

"வாயைக் கழுவுங்க முதல்ல!" என்று அதட்டியவள், அதட்டி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். இவள் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேரைக் கேட்டு பயந்துட்டீங்களா? அது கிரேக்க மொழிங்க. ரெண்டு வார்த்தையை ஒட்டிப் பண்ணின பேரு. 'அட்டெலெஸ்'னா முழுசாகாதது. 'எக்டாசிஸ்'னா விரியறது. நுரையீரல் முழுசா விரியல, அவ்வளவுதான். பேரு சொல்றது அதைத்தான், அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

"அப்போ கெட்டுப் போகலியா?" என்றாள் மனைவி.

"கெடல. அடியில ஒரு பகுதி காத்து போகாம மடிஞ்சு கிடக்கு. இழுத்து மூச்சு விட்டா விரிஞ்சுடும். காய்ச்சல், மூச்சு வாங்கறது எல்லாம் அடங்கிடும். ஆனா இவர் ஏன் மூச்சே விட மாட்டேங்கறார்? வலி தாங்கலியா?"

தையல்காரர் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"தையல் பிரிஞ்சுடும்னு... அவசரமாத் தச்சீங்கன்னு சொன்னாங்க..."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே! ஊரான் தையலைக் குறை சொல்ற புத்தி இங்கேயுமா?"

டாக்டரம்மா சிரித்தார், ஆனால் கேலி செய்யவில்லை. "வேகமாத் தச்சேன், அவசரமாத் தைக்கல. உள்ளே சதைக்குத் தனித் தையல், மேலே தோலுக்குத் தனித் தையல். உள்ள இருக்கற நூல் மாசக்கணக்குல பிடிச்சு நிக்கும்."

"ரெட்டைத் தையலா?" தையல்காரரின் குரலே மாறிவிட்டது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

டாக்டரம்மா ஒரு தலையணையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொள்ளச் சொன்னார். "இப்போ நல்லா இழுங்க. அப்புறம் இருமுங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இழுத்தார். பாதியில் நின்றார். மனைவி தோளைத் தொட்டதும் மீதியையும் இழுத்தார். பிறகு இருமினார். கட்டில் குலுங்கியது, வலியில் கண்ணீர் தெறித்தது. தலையணையைத் தூக்கி, வயிற்றில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். காய்ந்த வெள்ளைத் துணி, அப்படியே இருந்தது.

"பிரியல" என்றார் குழந்தை மாதிரி.

"பிரியல" என்றாள் அவளும். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவர் இன்னொரு முறை இருமினார், இந்தத் தடவை தைரியமாக. பிறகு தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மனைவியிடம் வாசலைக் காட்டினார்.

"உன் தம்பியை உள்ளே கூப்பிடு. ஏதாவது ஜோக் சொல்லச் சொல்லு."