பாம்பனில் இறங்குகிறவர்கள்

ஏப்ரல் கடைசி நாள் மத்தியானத்தோடு பள்ளிக்கூடத்தைச் சாத்திவிட்டார்கள். மற்ற டீச்சர்கள் மூன்று பேரும் தகரப் பெட்டியோடு சேலம் பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் மட்டும் வெறுங்கையோடு அவர்களைத் தாண்டி என் அறைக்கு நடந்தேன். ஊருக்குப் போகலையா மேரி டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். போகணும் என்றேன். எப்போது என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டியில் எனக்கென்று இருந்தது ஒரு கடலை எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் ஓர் அறை. செக்கு ஓடுகிற மாதங்களில் அந்தச் சத்தமாவது இருக்கும். கோடையில் அதுவும் இல்லை. தம்ளரைத் தரையில் வைத்தால் அந்தச் சத்தம் நாலு சுவரையும் சுற்றி வரும். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது பிள்ளைகள் எழுதியதை வாய்விட்டுப் படிப்பேன். எழுத்து புரியாததால் அல்ல, ஒரு குரல் கேட்கட்டும் என்றுதான். அதையும் திருத்தி முடித்தாகிவிட்டது.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் என் வீடு இருந்தது. அங்கே போகலாம். போனால் என் அப்பா கஸ்பார் ஒரு வார்த்தையும் பேசாமல் களத்துக்குப் போய்விடுவார். என் அம்மா லூர்தம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். பத்தாவது படித்த மாப்பிள்ளை பி.ஏ. பெண் வேண்டாம் என்கிறான், பி.ஏ. படித்த மாப்பிள்ளை கூழ் குடித்த வீடு வேண்டாம் என்கிறான், எங்கள் ஊர் கோவில் கட்டிய நாளிலிருந்து பி.ஏ. படித்த முதல் ஆள் நான் என்பதை நான் செய்த தப்பு மாதிரியே அவள் சொல்லுவாள். முப்பத்தாறு நாள் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் அந்த வருஷம், 1974 மே மாதம், தீவுக்குப் போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

தீவு என்றால் ராமேஸ்வரம்தான். சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது நானும் வஹிதாவும் போட்ட திட்டம் அது. எங்கள் ஹாலில் இருந்த சகாயமேரி ராமநாதபுரத்துக்காரி. விளக்கணைப்பதற்கு முன்னால் அவள் தன் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கடலைப் பார்த்தே இராத நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். தீவில் இறங்க இரண்டு இடம் என்பாள். ரயிலிலேயே கடைசிவரை போனால் ராமேஸ்வரம்: தேர் ஓடுகிற அகலத்துக்குத் தெரு, சங்குக் கடை, வளையல் கடை, காசியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்த கூட்டம், ராத்திரி பகல் இல்லாத சந்தடி. கடலைத் தாண்டியதும் இறங்கிவிட்டால் பாம்பன்: மணல், தென்னை, வலை காய்கிற வாசனை, கன்னியர் மடத்தில் விருந்தாளிகளுக்கு இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை, வேறொன்றும் இல்லை. பாம்பனா ராமேஸ்வரமா என்று நானும் வஹிதாவும் மூன்று வருஷம் சண்டை போட்டோம். எனக்குப் பாம்பன். இரண்டு அறையில் எட்டுப் பேர் படுத்த வீட்டில் பிறந்து, இருபது கட்டில் போட்ட ஹாலில் படித்தவளுக்கு வேறென்ன வேண்டியிருக்கும்? அவளுக்கு ராமேஸ்வரம். ஒற்றைப் பெண்ணாக, சாத்திய கதவுக்குப் பின்னால் வளர்ந்தவள் அவள். நம்மை யாரென்றே கேட்காத ஆயிரம் பேருக்கு நடுவில் நடக்க வேண்டும் என்பாள். சம்பளம் வாங்குகிற முதல் வருஷமே போகிறோம் என்று கையில் அடித்துக்கொண்டோம். நான் சம்பளம் வாங்கினேன். அவளுக்குக் கல்யாணம் ஆனது.

தர்மபுரியில் அவள் வீட்டுக்காரர் சலாவுதீனுக்குப் புளி மண்டி. வீட்டில் பதினோரு பேர். நான் போனபோது வஹிதா கூடத்தில் உட்கார்ந்து மூன்று குழந்தைகளுக்கு ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அதில் ஷகிலா மட்டும்தான் அவளுடையது. அவள் என்னோடு பேசிய பத்து நிமிஷத்தில் ஏழு தடவை யாரோ கூப்பிட்டார்கள். எனக்கு அந்த வீட்டைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதே ஒன்று யோசித்து வைத்திருந்தேன்: இந்தத் தடவை அவள் இஷ்டம்போல ராமேஸ்வரமே போகலாம் என்று பெரிய மனசாகச் சொல்ல வேண்டும், எனக்கும் இப்போது கூட்டம்தான் வேண்டும் என்பதை அவளுக்குக் காட்டிக்கொள்ள வேண்டாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"பாம்பனுக்கே போலாம் மேரி. நீ சொன்னதுதான் சரி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் மாற்றிக்கொண்டாய் என்று கேட்டேன். இந்த வூட்ல இருந்து பாரு, தெரியும் என்றாள். நீ என் அறையில் இருந்து பார் என்றேன். உனக்கென்னடி, தனியா ராணி மாதிரி இருக்கற என்றாள். அதைச் சொன்னது வேறு யாராவது என்றால் எழுந்து வந்திருப்பேன். அதற்குள் சலாவுதீன் மண்டியிலிருந்து சாப்பிட வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ரெண்டு பொம்பளைங்க தனியா எதுக்குங்க டீச்சர் பஸ் மாறி ரயில் மாறிக் கஷ்டப்படணும்? மண்டி வேன் சும்மாதான் நிக்குது. எல்லாருமே போயிட்டு வந்துருவோம்."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நல்ல மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? வேன் ஓட்டுகிற பச்சியப்பனைக் கூப்பிட்டு வழி தெரியுமா என்று கேட்டார். பச்சியப்பன் சிரித்தான். மாசம் எட்டு நடை பெங்களூரு போறவன்ங்க நானு, ரோடு இல்லாத ஊருன்னு ஒண்ணு இருக்குதுங்களா என்றான்.

இருக்கிறது. எனக்குத் தெரியும். ராமேஸ்வரத்துக்கு ரோடு கிடையாது. மண்டபத்தோடு நிலம் முடிகிறது; அதற்கப்புறம் கடல்மேல் ரயில் பாலம் மட்டும்தான். வருஷா வருஷம் சுவர்ப் படத்தில் குச்சியை வைத்துக் காட்டி, பிள்ளைகளை இதை எழுதவைத்து இரண்டு மார்க் போடுகிறவள் நான். புயலில் அந்தப் பாலம் போனதையும் மறுபடி கட்டியதையும் ஹாஸ்டலில் அட்லஸை விரித்துவைத்து வஹிதாவுக்குச் சொன்னதும் நான்தான். அந்தக் கூடத்தில் நின்று நான் வாயைத் திறக்கவில்லை. ஓட்டிக்கொண்டு போகட்டும், கடலுக்கு முன்னால் போய் நிற்கட்டும் என்று இருந்தது. வஹிதா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். பச்சியப்பனையும் என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். வேன் முழுக்கப் புளி வாசனை. கழுவினாலும் போகாதாம். வஹிதாவின் மாமியார் ரஹமத் பீவி தொப்பூர் இறக்கத்திலேயே வாந்தி எடுக்க ஆரம்பித்தார். இரண்டு வாந்திக்கு நடுவில் என்னிடம் பேசவும் செய்தார்.

"ஏம்மா டீச்சரு, தண்ணியப் பாக்கறதுக்கா இம்மாந்தூரம்? ஒகேனக்கல்லுல இல்லாத தண்ணியா?"

அது உப்புத் தண்ணி என்றேன். குடிக்க ஆவாத தண்ணியப் போயி எதுக்குப் பாக்கறது என்றார். அப்புறம் நாமக்கல் தாண்டி, உனக்குன்னு ஒருத்தன் இருந்திருந்தா அவனே கூட்டிட்டுப் போயிருப்பான் என்றார்.

"அவனுக்கும் வாந்தி வருமோ என்னமோ, யாரு கண்டா மாமி."

பின் சீட்டில் வஹிதா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியாமல் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் கேட்டேன். மதுரையில் அவர்கள் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். அங்கே இன்னும் ஒன்பது பேர். கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். எல்லோரும் என்னை நன்றாகத்தான் கவனித்தார்கள். சோறு போடும்போது முதல் தட்டு எனக்கு. வீட்டு ஆளுக்கு யாரும் முதல் தட்டு வைப்பதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபம் வந்தது. ரோடு போய்க்கொண்டே இருந்து, மணலாகி, நின்றது. பச்சியப்பன் இறங்கினான். முன்னால் கடல். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் பார்த்தான்.

"ரோடு முடிஞ்சிருச்சுங்க மொதலாளி."

பக்கத்து ஸ்டேஷனில் விசாரித்தார்கள். இங்கேயிருந்து ரயில்தான், வண்டியை ரயிலில் ஏற்றுவதென்றால் எத்தனையோ நாள் முன்னால் எழுதிப் போட்டிருக்க வேண்டுமாம். சலாவுதீன் திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தார். டீச்சருக்குக்கூடத் தெரியலையா என்று கேலியாகக் கேட்டார். தெரியும்ங்க என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது; சும்மா இருக்கத்தான் வரும். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு வஹிதாவையும் பார்த்தார். சொல்லியிருக்கலாமேங்க என்றார், மெதுவாக. அவ்வளவுதான். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ரஹமத் பீவிதான் வழி சொன்னார். ஏர்வாடி தர்கா இந்தப் பக்கம்தானே இருக்கிறது, அங்கே போய் இருப்போம், இனி ரயிலிலும் ஏறி ஆட என்னால் ஆகாது. சலாவுதீன் பச்சியப்பனை ஏர்வாடிக்கு வழி விசாரிக்க அனுப்பினார். பிறகு எங்களிடம் வந்தார். நீங்க ரெண்டு பேரும் ஆசைப்பட்டது, போயிட்டு வந்துருங்க, திங்கக்கெழம பகலுக்கு வண்டி இங்க வந்து நிக்கும் என்றார். ரஹமத் பீவி கையை நீட்டி ஷகிலாவை வாங்கிக்கொண்டார். தடுக்க ஒருவரும் இல்லை. இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. வழி முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது யாரோடு என்று எனக்கே தெரியவில்லை.

பிளாட்பாரத்துக்கு வந்தோம். ரயில் நின்றுகொண்டிருந்தது. காற்றில் வஹிதாவின் முக்காடு நிற்கவில்லை. அவளும் அதை இழுத்து விடவில்லை. ரோடு இல்லையென்று உனக்கும் தெரியுமல்லவா என்று கேட்டேன். நீதானே மேப்புல காட்டின என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். டிக்கெட் ஜன்னலுக்கு நான் நகர்ந்தபோது அவள் கேட்டாள்.

"பாம்பன்தானே?"

"ராமேஸ்வரம்."

அவள் என் கையைப் பிடித்தாள். "ரெண்டே நாளு மேரி. ஒரு மனுசக் குரல் கேக்காம ரெண்டு நாளு இருந்துட்டு வரணும். கூட்டத்தப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுது."

"உனக்கு ரெண்டு நாளு. எனக்கு வருசம் பூரா அதான். திரும்பிப் போறதும் அதுக்குத்தான்."

"நான் கூட இருக்கறேனே. நான் இருந்தாப் போதாதா உனக்கு?"

போதும். அதைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் முதலில் சொன்னதுதான் என் காதில் நின்றது. ஒருவர் ஏதாவது சொன்னால் அதில் எது குத்துகிறதோ அதை மட்டும் பிடித்துக்கொள்வது என் வழக்கம். என் அம்மாவிடமும் அப்படித்தான், ஹெட்மாஸ்டரிடமும் அப்படித்தான்.

"மனுசக் குரலே வேணாங்கற. அப்புறம் நான் மட்டும் எதுக்கு?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டில் யாரோ கூப்பிட்டால் எழுந்து போவாளே, அந்த முகம் வந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் நின்ற மாமியாரிடம் போய்க் குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்து, நீ போயிட்டு வா மேரி, பாத்துட்டு வந்து சொல்லு என்றாள். மணி அடித்தார்கள். நான் ராமேஸ்வரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கி ஏறினேன். அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வந்திருக்க மாட்டாள் என்றும் நினைக்கிறேன்.

ரயில் பாலத்தில் மனுஷர் நடக்கிற வேகத்தில் போனது. கீழே தண்டவாளத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். சகாயமேரி சொன்னபோது கதை விடுகிறாள் என்று நினைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த வடக்கத்திக் குடும்பம் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டது. என் வாய் தானாகவே "பாருடி" என்றது. மெதுவாகத்தான். பக்கத்தில் இருந்த கிழவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் எத்தனையோ தடவை பார்த்த கடலாக இருக்கும். என் கோபம் பாதிப் பாலம்வரைதான் வந்தது. அதற்கப்புறம் அது இருந்த இடத்தில் என்ன வைப்பதென்று தெரியவில்லை.

பாம்பனில் ரயில் நின்றது. பிளாட்பாரத்தில் மணல் ஏறிக் கிடந்தது. கருவாட்டுக் கூடைக்காரிகள் நாலைந்து பேர் இடித்துக்கொண்டு ஏறினார்கள், இறங்கியவர்கள் குறைவு. இறங்கியவர்கள் போனதும் பிளாட்பாரத்தில் ஒரு கன்னியாஸ்திரி மட்டும் நின்றார். வயதானவர். கையில் ஒரு கறுப்புக் குடை, இன்னொரு கையில் பிரித்த நீல இன்லண்ட் லெட்டர். முதல் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்து எதையோ கேட்டுக்கொண்டு வந்தார். என் பெட்டிக்கு இரண்டு பெட்டி முன்னால் வரும்போது காற்று அந்தக் குரலைக் கொண்டுவந்தது.

"தர்மபுரியிலேர்ந்து வஹிதா, லூர்து மேரின்னு ரெண்டு பேரு வந்திருக்காங்களாம்மா?"

எழுதியிருக்கிறாள். வேன் மண்டபத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை இந்த ரயில் என்று விசாரித்து, பதினோரு பேர் கூப்பிடுகிற அந்தக் கூடத்தில் உட்கார்ந்து எனக்கும் அவளுக்கும் இரண்டு கட்டில் கேட்டு மடத்துக்கு எழுதியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நான்தான் சொல்லவிட்டேனா?

என் பை மடியில் இருந்தது. கூடைக்காரி ஒருத்தி எழும்புறியா உக்காரப் போறியா என்று கேட்டாள். கார்டு பின்னால் பச்சைக் கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிஸ்டரின் குடையைக் காற்று வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டது. அதைச் சரி செய்ய நிற்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தார். கேட்டுக் கேட்டுக் குரல் கட்டிப்போயிருக்க வேண்டும். எனக்கு முந்தின ஜன்னலில் அவர் ஒன்றும் கேட்கவில்லை; இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.