உப்பு கூடிய நாள்

ஆறரை மணி பாசஞ்சர் பூதலூரை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டதும் நீலாம்பாள் எழுந்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தை எடுத்தாள்.

மருமகள் ஜீவிதா பின்னாலேயே வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"அத்த, இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கக் கூடாது."

தினமும் அந்த வண்டி போனதும் அவள் புருஷன் குஞ்சிதபாதத்துக்குக் காப்பி வேண்டும். இன்று விடிவதற்கு முன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

நேற்று ராத்திரிச் சாப்பாடு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடி, "அப்பனே, நீ குடுத்தது" என்றார். அதன்பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

எதற்கும் அதைத்தான் சொல்வார். புதுத்தண்ணி வந்த அன்று வாய்க்காலில் முங்கி எழுந்தால் சொல்வார். சம்பா வயல் பக்கமிருந்து காற்று வந்தால் சொல்வார். அதெல்லாம் சரி. காற்றை அவள் அனுப்பவில்லை. குழம்பை அவள்தான் வைத்தாள்.

கல்யாணமான புதிதில் முருங்கைக்கீரை வதக்கிப் போட்டாள். அவர் நிமிர்ந்தபோது தன்னிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று கரண்டியோடு நின்றாள். அவர் அவள் தலைக்கு மேலே, சுவரில் இருந்த முருகனைப் பார்த்தார்.

ஒருமுறை சாம்பாரில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள்.

"நீலா, இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு" என்றார்.

அன்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. நன்றாக இருந்தால் முருகன். உப்பு கூடினால் நீலா. அதற்குப் பிறகு முருகனுக்குத் திரியை மெலிதாகவே திரித்தாள்.

இப்போது ஜீவிதா பூஜை அலமாரியைச் சாத்தினாள். "காரியம் முடியிற வரைக்கும் வெளக்கு கெடையாது அத்த."

"பூட்டியே போடு" என்றாள் நீலாம்பாள்.

பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. நாத்தனார் அகிலாண்டம் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எங்கண்ணன் கொடுத்து வச்சவரு அண்ணி. ருசியா தின்னாரு, நிம்மதியா போயிட்டாரு. சாமி ஒரு கொறையும் வைக்கலையே."

"ஆமா. சாமிதான் வடிச்சுக் கொட்டுச்சு."

அகிலாண்டம் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு மறுபடி அழுதாள்.

ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சேக் தாவூது மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம்கூட வந்து குடிச்சாரு அண்ணி."

நீலாம்பாள் மெதுவாகக் கேட்டாள். "டீய குடிச்சிட்டு அப்பனேன்னு சொன்னாரா பாய்?"

"அப்பனேவா? இல்லையே. 'தாவூது, இன்னைக்கு பிரமாதம்'னாரு. நல்லா இல்லன்னா, 'கழுநித் தண்ணிய கொண்டு போடா'ம்பாரு. இத்தன வருஷத்துல எங்கடையில அவரு சாமிய கூப்புட்டு நான் கேட்டதில்ல."

"உங்கள பேரு சொல்லித்தான் சொல்லுவாரா?"

"ஆமா. ஏன் அண்ணி?"

"ஒண்ணுமில்ல."

"வீட்டுல மட்டுந்தான் அப்படிச் சொல்லுவாரு போல" என்றார் தாவூது.

ஒரு டம்ளர் டீ. பாலும் தூளும் சீனியும். அதற்குத் தாவூது என்று ஒரு பேர் இருந்திருக்கிறது.

மூன்று மணிக்குப் பாடை தயாரானது. குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். வாசலில் பறை விடாமல் அடித்தது. மகன் ராஜசேகர் ஈரவேட்டியோடு ஒதுங்கி நின்றான்.

"வாய்க்கரிசி போடுற பொம்பளைங்கள்லாம் வாங்க" என்று ஒருவர் கூப்பிட்டார்.

எல்லோரும் போட்டார்கள். கடைசியாக ஜீவிதா அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து தட்டை நீட்டினாள். நீலாம்பாள் அரிசியை அள்ளினாள். பழக்கத்தில் விரல்களால் புரட்டி, அதில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

குனிந்து அவர் உதட்டில் அரிசியை வைத்தாள். கையை எடுத்தாள். நிமிரவில்லை.

பறை ஒரு நிமிடம் நின்றது.

"அத்த, போதும், வாங்க" என்றாள் ஜீவிதா.

நீலாம்பாள் அவர் காதருகே இன்னும் குனிந்தாள்.

"இது யாரு குடுத்தது? சொல்லுங்க."